மூன்று புள்ளிச் சாமான்

பழைய சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: புதுப் பெயின்ட் அடித்த பழைய சாமானை நம்பாதீர்கள். துரு பொய் சொல்லாது, பெயின்ட் சொல்லும். என் பேச்சைக் கேட்காமல் என் வீட்டுக்காரர் ஒருமுறை பளபளவென்று நீலம் பூசிய, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பெஞ்சு வைஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு கம்பியை வைத்து இறுக்கியதும் தாடை இரண்டாகப் பிளந்தது. உடைந்ததை ஒட்டி நீலத்தால் மூடியிருந்தார்கள். "கலர் நல்லா இருந்துச்சும்மா" என்றார். "சட்டைத் துணியா எடுக்கப் போனீங்க?" என்று கேட்டேன். அவர் வேன் ஓட்டுகிறவர், பாவம், இரும்பைப் பற்றி என்ன தெரியும்.

நான் வெல்டர். பெரிய பட்டறை ஒன்றில் பல வருஷம் இருந்தேன். வெல்டிங் கற்றுக்கொண்டதும் அங்கேதான். கற்றுக்கொண்ட பிறகு வெல்டிங் செய்ய விடாமல் கிரைண்டரோடு மூலையில் உட்கார வைத்ததும் அங்கேதான். காரணம் என் இடது கைப் பழக்கம். அங்கிருந்த எந்தச் சாமானும் எனக்குச் சரியாக அமையாது. தகரக் கத்தரியைப் பிடித்தால் வெட்டுகிற கோடே கண்ணுக்குத் தெரியாது. கிரைண்டரின் பொறி நேராக என் கழுத்துக்குள் வந்து விழும். முதலாளியிடம் சொன்னால், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பார். சுற்றியிருக்கிற நாலு பேர் சிரிப்பார்கள். இன்னொரு நாள், "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பார். அதைச் சொல்லிவைத்த மகான் கண்டிப்பாக வலது கைக்காரராகத்தான் இருந்திருப்பார். எனக்கு அங்கே பெயரே பீச்சாங்கை.

ஒரு நாள் கிரைண்டரை அணைத்து வைத்துவிட்டு, நாளை முதல் வரமாட்டேன் என்றேன். முதலாளி கோபப்படவில்லை. "போயிட்டு வா. கழுதை கெட்டா குட்டிச்சுவரு. நீ உக்காந்த எடம் அப்படியேதான் இருக்கும்" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை. என்ன ஆனாலும் அந்த மூலைக்குத் திரும்பிப் போவதில்லை என்று அன்றைக்கே மனதில் ஆணி அடித்துக்கொண்டேன்.

ரயில் பாதைக்குப் பின்னால் பழைய இரும்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடைசிக் கடைக்காரனை எல்லோரும் காந்தம் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பட்டறையை மூடினாலும் சாமான் கடைசியில் அவனிடம் வந்து ஒட்டிக்கொள்ளும். அவன் குவியலில்தான் ஒரு சுத்தியலைப் பார்த்தேன். பெயின்ட் இல்லை, மெல்லிய எண்ணெய் மட்டும் தடவியிருந்தது. கையில் எடுத்ததும் திடுக்கிட்டேன். கட்டைவிரல் போய் உட்காரும் இடத்தில் பிடியைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள், அதுவும் இடது கட்டைவிரலுக்கு. சுத்தியல் தலைக்குக் கீழே பொடிப்பொடியாய் மூன்று புள்ளிகள் குத்தியிருந்தன. வேலைக்காரர்கள் தங்கள் சாமான் மாறிப்போகாமல் இருக்க இப்படி ஏதாவது அடையாளம் குத்தி வைப்பார்கள். குவியலைக் கிளறினேன். அதே மூன்று புள்ளியோடு ஒரு தகரக் கத்தரி கிடைத்தது. அதன் அலகுகள் எனக்கு ஏற்றபடி மாறி அமைந்திருந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக நான் வெட்டுகிற கோட்டை நான் பார்த்தேன். கடையில் நின்றுகொண்டே ஒரு பழைய டப்பாவை முழுவதும் சுருள் சுருளாக வெட்டித் தள்ளினேன்.

"அக்கா, டப்பாவுக்கும் சேத்துக் குடுக்கணும்" என்றான் காந்தம்.

"இந்தப் புள்ளி போட்டது எது வந்தாலும் எனக்கு எடுத்து வை. வேற யாருக்கும் குடுக்காத."

"ஒரே எடத்துலேருந்து வந்ததுக்கா. ஆளு போயிட்டாரு போல. இன்னும் மூட்டை பிரிக்காம கெடக்கு."

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குக் காந்தம் கடைதான். கிளாம்புகள், உளிகள், மட்டம் பார்க்கும் மூலைமட்டம், கைப்பிடியை மறுபக்கம் மாற்றிய கிரைண்டர் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக வெல்டிங் செட். செம்புக் கம்பி சுற்றிய பழைய கனமான பெட்டி. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். கருகல் வாடை இல்லை. கேபிள் செருகும் துளைகளைக்கூட அந்த மனிதர் தனக்குத் தோதாக மறுபக்கம் மாற்றி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் அதை வேனில் ஏற்றி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

வாடகைக்குப் பிடித்த தகரக் கொட்டகையில் தனியாக வேலை செய்யும்போது அந்தச் செத்துப்போன மனிதரோடு பேச ஆரம்பித்தேன். "இந்த உளியை எப்படிய்யா இவ்வளவு நாள் முனை போகாம வச்சிருந்தீங்க?" என்று கேட்பேன். செட்டின் மேல் அவர் வைத்திருந்த வெல்டுகளைப் பார்த்து, "காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்கே, இதைக் கொஞ்சம் கத்துக்கிட்டிருக்கக் கூடாதா?" என்றும் கேட்பேன். சாமானைக் காப்பதில் அவர் ராஜா. வெல்டிங்கில் அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

முதல் வேலை கிடைத்தது. மருந்துக்கடைக்கு மேல்மாடியில் தையல் பள்ளி வைக்கப்போகும் டீச்சர், வெளிப்பக்கச் சுவரை ஒட்டி ஏற ஓர் இரும்புப் படிக்கட்டு கேட்டார். என் பழைய முதலாளியும் அந்த வேலைக்குப் போட்டிக்கு நின்றார். டீச்சர் என் கொட்டகைக்கு வந்து நான் செய்து வைத்திருந்த ஸ்டூலை எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பக்க வெல்டை விரலால் தடவிப் பார்த்தார். "திங்கட்கிழமை பள்ளி திறக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் படி நிக்கலைன்னா அவரைக் கூப்பிட்டுருவேன். எனக்குப் புள்ளைங்க மேல வரணும்" என்றார். கறாரான மனுஷி. அந்தக் கறார் எனக்கு மரியாதையாகத்தான் பட்டது. ஆனால் படி நிற்கவில்லை என்றால் அந்த ஊரில் எனக்கு அடுத்த வேலை கிடைக்காது. கிரைண்டர் மூலை எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

பக்கச் சட்டங்கள் இரண்டையும் கிடத்தி, படிகளைப் பாதிக்கு மேல் ஒட்டி முடித்த நாளில், கொட்டகை வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். கையில் தடி. ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

"அந்தச் சுத்தியலைக் கீழ வைம்மா."

"நீங்க யாரு?"

"அது என்னுது. தலைக்குக் கீழ மூணு புள்ளி இருக்கும் பாரு. கீழ ரெண்டு, மேல ஒண்ணு."

பார்க்கத் தேவையே இல்லை. செத்துவிட்டதாக நினைத்து இந்த மனிதரிடம் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன் என்று நினைத்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

"நீங்க போயிட்டீங்கன்னு சொன்னாங்களே."

"யாரு?"

"காந்தம்."

"வாங்குனவங்க ஊரைக் காலி பண்ணிட்டாங்கன்னு எங்கிட்டச் சொன்னான் அவன்" என்றார் பெரியவர். ஒரு கணம் நாங்கள் இருவரும் ஒரே ஆளைக் கொலை செய்ய விரும்பினோம்.

விஷயம் இதுதான். பெரியவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அப்பா இனி ஓய்வாக இருக்கட்டும் என்று மகன் அவருடைய பட்டறையைக் காலி செய்து, சாமானை மொத்தமாகத் தள்ளிவிட்டான். பாசத்தில்தான் செய்தான். அதனால்தான் அவரால் மகனை வாய் திறந்து திட்டவும் முடியவில்லை. நடக்க முடிந்ததும் கடை கடையாக ஏறி, தன் சாமானைத் தானே விலை கொடுத்து வாங்க ஆரம்பித்திருக்கிறார். காந்தம் ஒரே மூட்டையிலிருந்து எனக்குப் பாதி, அவருக்குப் பாதி விற்றிருக்கிறான். தெருவோடு போனவர் தன் சுத்தியலின் சத்தத்தை அடையாளம் கண்டு என் வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

"நீ என்ன குடுத்தியோ அதைத் தந்துர்றேன். என் சாமானைக் குடுத்துரு" என்றார்.

"முடியாதுங்க."

"மேல வேணும்னாலும் தர்றேன்."

"காசை வச்சுப் படிக்கட்டு ஒட்ட முடியாதுங்க. நான் திருடலை. கடையில வாங்கினேன்."

"நான் விக்கலையே."

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும். "இங்க நின்னா கண்ணு போயிரும், தள்ளிப் போங்க" என்று சொல்லிவிட்டுக் கறுப்புக் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

அவர் போகவில்லை. எதிர்ச் சாரியில் ஒரு காலி டின்னைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். வேலை சொல்லவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. நான் உளியைத் தரையில் போட்டால் மட்டும் அவர் முகம் சுருங்கும். இரண்டு நாளில் நான் எதையும் தரையில் போடாமல் பலகையில் வைக்கப் பழகிவிட்டேன். அதை நினைத்தாலும் எரிச்சல்.

"குடுத்துரேன்மா. வேற வாங்கிக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எங்க வாங்குறது? கடையில இடதுகை வெல்டிங் பட்டறைன்னு தனியாத் தொங்கவிட்டிருக்கானா?"

அவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சண்டையில் தோற்பதற்கு அவரைப் போல ஒரு திறமைசாலியை நான் பார்த்ததில்லை.

படிக்கட்டு ஒரே துண்டாகக் கொட்டகையில் தயாரானது. அதைத் தூக்கி நிறுத்தச் சங்கிலி போட்டு இழுக்கும் செயின் பிளாக் வேண்டும். காந்தம் கடையில் மூன்று புள்ளி போட்ட ஒன்று இருந்தது, எனக்கென்று எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை போனால் அதை மாட்டியிருந்த கொக்கி மட்டும் காலியாகத் தொங்கியது.

"பெரியவர் வந்து அழாத குறையாக் கேட்டாருக்கா. மனசு கேக்கலை" என்றான் காந்தம். மனசு இருக்கிறவன் மாதிரி நெஞ்சில் கையும் வைத்துக்கொண்டான். வட்டாரத்தில் வாடகைக்கு விடும் செயின் பிளாக் இன்னொன்று உண்டு. அது என் பழைய முதலாளியுடையது.

நான் திரும்பி வந்தபோது பெரியவர் டின்னில் உட்கார்ந்திருந்தார். அவரே பேச்சை எடுத்தார்.

"செயின் பிளாக் எங்கிட்ட இருக்கு. நாளைக்குக் கொண்டாந்து தர்றேன். படி நின்னதும் என் சாமான் அத்தனையும் எங்கிட்ட வரணும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனம் ஓடியது. காந்தமாக இருந்தால் சொல்லியிருப்பான். வாக்குக் கொடுத்தால் நான் காப்பாற்றித் தொலைக்க வேண்டும். என் குணம் எனக்குத் தெரியும். காப்பாற்றினால் திங்கட்கிழமை வெறுங்கையோடு நிற்பேன்.

"மாட்டேன்" என்றேன்.

"அப்போ எப்படி நிறுத்துவ?"

நான் உள்ளே போனேன். கிரைண்டரை எடுத்தேன். பல நாள் உழைத்து ஒட்டிய படிக்கட்டை, நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இரண்டாக அறுக்க ஆரம்பித்தேன். பாதியாக்கினால் நாலு பேர் தூக்கலாம். மேல்பாதியை முதலில் மாடித் தளத்தில் போல்ட் போட்டுத் தொங்கவிட்டு முட்டுக் கொடுக்கலாம். கீழ்ப்பாதியை அதற்கடியில் கொண்டுவந்து அந்தரத்திலேயே ஒட்டிவிடலாம். வெளியே பெரியவர் தடியை ஊன்றி எழுந்து நிற்பது தெரிந்தது. "அடிப்பாவி, நல்லா இருந்த வேலையை" என்று அவர் சொன்னது கிரைண்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எனக்குக் கண்ணீர் வந்தது. பொறி பட்டதால் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர், அவரோடு வேனில் வேலை செய்யும் இரண்டு சுமைக்காரர்கள், மருந்துக்கடைக்காரர் என்று நாலு பேர் தூக்கினார்கள். மேல்பாதி ஏறியது. கீழ்ப்பாதியை நிறுத்தி மட்டம் பார்த்து முட்டுக் கொடுப்பதற்குள் மதியமாகிவிட்டது. அப்போதுதான் என் பழைய முதலாளி வந்தார். தற்செயலாக வந்தது போல, பைக்கை அணைக்காமல் நின்றார். பெரியவரும் தடியோடு வந்து எதிர்ச்சுவரில் சாய்ந்தார். நல்ல கூட்டம்தான்.

"ரெண்டாக்கி ஏத்தியிருக்கியா?" என்றார் முதலாளி. "வெளிப்பக்கம் ஒட்டிருவ. சுவத்தை ஒட்டுன சட்டத்தை எப்படி ஒட்டுவ? ஏணியில நின்னா வலப்பக்கம் சுவரு. முழங்கை மடங்காது. அதனாலதான் நான் ஒரே துண்டா ஏத்தணும்னு டீச்சர்ட்ட சொன்னேன். அந்த மூலையில ஒருத்தனாலயும் ஒட்ட முடியாது."

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய பட்டறையில் ஒருத்தனாலும் முடியாது. நான் ஏணியில் ஏறினேன். வலது தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டேன். சுவர் எனக்கு முட்டுக் கொடுத்தது. இடது கை வெளிப்பக்கமாக, காற்றோட்டமாக, தடையில்லாமல் மூலைக்குள் போனது. வெல்டிங் ராடைச் சட்டத்தில் உரசினேன். கீழிருந்து மேலாக, அவசரப்படாமல், உருகிய இரும்பு வழியாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். பொறி சட்டைக்குள் விழுந்து சுட்டது. கையை எடுக்கவில்லை. எடுத்தால் அந்த இடத்தில் வெல்டு விட்டுப்போகும். அது முதலாளி கண்ணில் படும். முடித்து, மேலே ஒரு பட்டைத் தகடும் வைத்து ஒட்டி, கசடைத் தட்டி உதிர்த்தபோது அடியில் வெல்டு வரிவரியாக ஒரே சீராக இருந்தது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். எனக்கு அடக்கம் வராது.

முதலாளி அண்ணாந்து பார்த்தார். பைக்கைத் திருப்பினார்.

"மொதலாளி" என்று மேலிருந்து கூப்பிட்டேன். "அந்த மூலையில வேற யாரையாவது உக்கார வச்சிருங்க."

சாயங்காலம் டீச்சர் கையில் தையல் மிஷினின் தலைப்பாகத்தை அணைத்துக்கொண்டே மாடி வரை ஏறினார். இறங்கும்போது படியில் இரண்டு முறை குதித்துப் பார்த்தார். "திங்கட்கிழமை வந்து மேல ஜன்னலுக்குக் கம்பி அளவெடுத்துக்கோங்க" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. எனக்குப் போதும். அந்த மூலைக்கு நான் இனிப் போகவேண்டியதில்லை.

பெரியவர் இன்னும் சுவரில் சாய்ந்துதான் நின்றார். நான் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"காலையில கொட்டகைக்கு வாங்க. உங்க சாமானை எடுத்துக்கோங்க."

"நேத்து மாட்டேன்னியே?"

"நேத்து கழுத்துல கத்தி வச்சுக் கேட்டீங்க. இன்னைக்கு நானாக் குடுக்குறேன்."

நல்லவள் என்பதால் கொடுக்கவில்லை. "நான் விக்கலையே" என்று அவர் சொன்னது எனக்குள் சிலாம்பு மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. பிடுங்கிப் போட்டால்தான் தூங்க முடியும்.

காலையில் வந்தார். ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துச் சாக்கில் வைத்தார். உளிகளை நான் தீட்டி வைத்திருந்ததைப் பார்த்தார். வெல்டிங் செட்டைத் தடவிப் பார்த்து, "இதை என் வீட்டு மாடிக்கு ஏத்த முடியாது. நீயே வச்சுக்க" என்றார். என் வீட்டுக்காரர் சாக்கை வேனில் ஏற்றினார்.

"வீட்ல எங்க வைப்பீங்க?" என்று கேட்டேன்.

"கட்டிலுக்கு அடியில."

"வேலை செய்ய எடம் இருக்கா?"

"எடமெல்லாம் இல்ல. எடுத்துப் பாத்துக்குவேன்."

உள்ளே போனேன். ஜன்னல் வேலைக்குப் பட்டைகளை நேராக்க வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சாதாரணச் சுத்தியலை எடுத்தேன். யாருக்கோ செய்த பிடி. முதல் அடி சாய்வாக விழுந்தது. இரண்டாவது பட்டையின் விளிம்பில் பட்டுத் துள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடியை மாற்றிப் பிடித்தேன். பழகிக்கொள்ளலாம். இல்லையென்றால் நானே செதுக்கிக்கொள்வேன். மூன்றாவது அடி விரலில் விழுந்தது. வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது.

வேன் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. தடிச் சத்தம்தான் கேட்டது. பெரியவர் வாசலில் நின்றார். பின்னால் என் வீட்டுக்காரர், சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு.

"இந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுப் போயி என்னால கட்டில்ல உக்காந்திருக்க முடியாது" என்றார் பெரியவர். "சாமான் இங்கயே கெடக்கட்டும். ஆனா நானும் வந்து வேலை செய்வேன். எனக்கு ஒரு சாவி வேணும்."

அவர் நிற்பதைப் பார்த்தேன். அந்தத் தடி, அந்தச் சாய்ந்த இடுப்பு, விட்டுக்கொடுக்காத மோவாய். என்னையே வயதான கோலத்தில் பார்ப்பது போல இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் கொட்டகையின் சாவிக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"சாவி தர மாட்டேன். இது என் பட்டறை. எட்டு மணிக்குத் திறப்பேன், அப்ப வாங்க."

"எனக்கு ஆறு மணிக்கே முழிப்பு வந்துரும். ஏழுக்கெல்லாம் வந்துருவேன்."

"வாங்க. வெளிய நில்லுங்க."

"நிப்பேன்" என்றார்.

மறுநாள் நான் ஆறே முக்காலுக்குப் போய்க் கதவைத் திறந்து வைத்தேன்.